அளவைகள் மாறின, கடமைகள் மாறவில்லை

எல்லாப் புகழும் அகிலங்களின் அதிபதியாம் அல்லாஹ்வுக்கே உரியன. அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

ரமலான் பிறை தென்பட்டதும் நம்மிடம் வந்து சேரும் கேள்விகளில் பல அளவையைப் பற்றியவையாகவே இருக்கின்றன. "ஏழரைத் தோலா தங்கம் என்று கிதாபில் இருக்கிறதே, அது எத்தனை கிராம்? ஒருவர் 85 கிராம் என்கிறார், மற்றொருவர் 87 கிராம் என்கிறார், எங்களூர்ப் பெரியவர் 11 பவுன் என்கிறார். எதை எடுப்பது?" என்று கேட்கிறார் ஒருவர். "பித்ராவுக்கு ஒன்றே முக்கால் சேர் என்றால் எத்தனை கிலோ?" என்று கேட்கிறார் இன்னொருவர். "48 மைல் போனால் கஸ்ர் தொழலாம் என்கிறார்கள். இப்போது எல்லாமே கிலோமீட்டர் ஆயிற்றே" என்பது மூன்றாமவரின் ஐயம்.

இவை வெறும் கணக்குக் கேள்விகள் அல்ல. ஒரு கணக்கில் ஏழையின் பங்கு இருக்கிறது. மற்றொன்றில் நான்கு ரக்அத்தா இரண்டு ரக்அத்தா என்ற தொழுகையின் சீர்மை இருக்கிறது. ஆகவே இவற்றைச் சற்று விரிவாக விளங்கிக் கொள்வது நம் கடமையாகும்.

பழைய அளவைகள் போன வரலாறு

நம் நாட்டில் ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் மைல், கெஜம், அடி, பவுண்டு, அவுன்சு, காலன் ஆகியவை சர்க்கார் அளவைகளாக இருந்தன. அவற்றோடு தோலாவும் சேரும் மணங்கும் கலந்து வழங்கின. நம் தமிழகத்தில் பலம், வீசை, தூக்கு, ஆழாக்கு, படி, மரக்கால் என்று வேறொரு வரிசை இருந்தது. ஒரே படி ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஓரூரில் தலைதட்டி அளப்பார்கள். மற்றோர் ஊரில் குவித்து அளப்பார்கள்.

விடுதலைக்குப் பின் இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1956-ஆம் ஆண்டில் எடை அளவைச் சட்டம் இயற்றப்பட்டது. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி தசம நாணயம் வந்தது. 1958 அக்டோபர் 1 முதல் கிராம், கிலோ எடைகள் படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தன. 1962-ஆம் ஆண்டு முதல் வியாபாரத்தில் பழைய அளவைகளுக்குச் சட்டப்படி இடமில்லை என்றாயிற்று. அதன் பின் வந்த 1976-ஆம் ஆண்டுச் சட்டமும், இப்போது நடைமுறையிலுள்ள 2009-ஆம் ஆண்டுச் சட்டமும் இதே மெட்ரிக் முறையையே உறுதி செய்கின்றன.

சட்டம் கடையை மாற்றியது. ஆனால் நம் வீட்டு அலமாரியில் இருக்கும் மார்க்க நூல்களை மாற்றவில்லை. அவற்றில் தோலாவும் சேரும் ராத்தலும் மைலும் அப்படியே இருக்கின்றன. அவற்றைப் புரிந்துகொண்டிருந்த தலைமுறை பெரும்பாலும் மறைந்துவிட்டது. கிராமும் லிட்டரும் மட்டுமே அறிந்த தலைமுறை அதே நூல்களைப் படிக்கிறது. பெயரை மட்டும் பார்த்து அளவை முடிவு செய்கிறது. தவறு இங்கேதான் நுழைகிறது.

மார்க்கத்தின் அடிப்படை என்ன?

அளவையில் குறை செய்வோருக்குத் திருமறையில் தனியொரு அத்தியாயத்தின் தொடக்கமே எச்சரிக்கையாக வந்துள்ளது. மத்யன் நகரத்தாரிடம் அனுப்பப்பட்ட நபி ஷுஐபு (அலை) அவர்கள், ஓரிறை வணக்கத்தைப் போதித்த அதே மூச்சில் அளவையையும் நிறுவையையும் நிறைவாக்கும்படி எடுத்துரைத்தார்கள். மார்க்கத்தில் தராசுக்கு இருக்கும் இடம் இதிலிருந்து விளங்கும்.

முகத்தலளவைக்கு மதீனாவாசிகளின் அளவையையும், எடைக்கு மக்காவாசிகளின் நிறையையும் ஆதாரமாகக் கொள்ளும்படி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அருளியதாக அபூதாவூது, நஸயீ ஆகிய கிரந்தங்களில் வந்துள்ளது. மதீனாவாசிகள் விவசாயிகள், பேரீச்சையும் வாற்கோதுமையும் அளந்து பழகியவர்கள். மக்காவாசிகள் வியாபாரிகள், பொன்னும் வெள்ளியும் நிறுத்துப் பழகியவர்கள். ஆகவே ஒவ்வொரு துறையிலும் பழகியவர்களின் அளவே ஆதாரமாயிற்று என்று உலமாப் பெருமக்கள் விளக்கம் தருகிறார்கள்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் இதுதான். ஷரீஅத்தில் கடமையாக்கப்பட்டது ஒரு குறிப்பிட்ட எடை. ஒரு குறிப்பிட்ட கொள்ளளவு. ஒரு குறிப்பிட்ட தூரம். அதற்கு நாம் இடும் பெயர் கடமையல்ல. மிஸ்கால் என்றாலும், தோலா என்றாலும், கிராம் என்றாலும் தட்டில் இருக்கும் பொன் ஒன்றே. உலகத்தார் பயன்படுத்தும் கிலோகிராமின் இலக்கணமே 2019-ஆம் ஆண்டில் மாற்றி எழுதப்பட்டது. அதனால் எந்தக் கடையிலும் ஒரு கிலோ அரிசி கூடவோ குறையவோ இல்லை. அதுபோலத்தான் இதுவும்.

அளவைப் பற்றி ஐயம் வந்தபோது முன்னோர் என்ன செய்தார்கள் என்பதும் நமக்கு வழிகாட்டும். ஒரு ஸாவு என்பது 8 ராத்தல் என்பது இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களின் கருத்து. அவர்களின் மாணவர் இமாம் அபூயூசுப் (ரஹ்) அவர்கள் ஹஜ்ஜை முடித்து மதீனா வந்தபோது, நாயகத்தின் ஸாவு எது என்று விசாரித்தார்கள். மறுநாள் முஹாஜிர்கள், அன்சாரிகளின் வழிவந்த ஐம்பது பேர் அளவில் தத்தம் வீட்டு ஸாவுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள். இது தம் தந்தை வழியாக, பாட்டன் வழியாக வந்தது என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். அளந்து பார்த்தபோது எல்லாம் ஒத்திருந்தன. 5⅓ ராத்தல் என்று கண்டார்கள். அதன் பின் இவ்விஷயத்தில் தம் ஆசிரியரின் கருத்தை விட்டு மதீனத்தார் கருத்துக்கு வந்தார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. எவ்வளவு பெரிய இமாம்! பாத்திரத்தைக் கொண்டு வரச் செய்து பார்த்துவிட்டல்லவா முடிவு செய்தார்கள்? பெயரைக் கேட்டதோடு நிற்கவில்லை.

ஒரே பெயர், வேறு அளவு

பழைய நூலிலிருந்து புதிய அளவைக்கு மாற்றும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எந்த ஊர், எந்தக் காலத்து அளவு?" என்பதே. நான்கு உதாரணங்கள் காண்போம்.

முதலாவது, சேர். உர்தூ நூல்களில் பித்ராவின் அளவு கோதுமையில் ஒன்றே முக்கால் சேர் என்று இருக்கும். அது 80 தோலா கொண்ட வடநாட்டுச் சேர்; சுமார் 933 கிராம். நம் சென்னை மாகாணத்தில் வழங்கிய சேரோ 8 பலம், அதாவது 24 தோலா. சுமார் 280 கிராம். ஐந்து சேர் ஒரு வீசை. உர்தூவிலிருந்து மொழிபெயர்த்த நூலை வைத்துக்கொண்டு ஒருவர் நம்மூர்ச் சேரால் கணக்கிட்டால் 1,633 கிராம் வர வேண்டிய இடத்தில் 490 கிராம்தான் வரும். ஏழைக்குச் சேர வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குகூடச் சேராது.

இரண்டாவது, ராத்தல். அரபியில் ரத்ல் என்பதிலிருந்து வந்த இச்சொல் தமிழில் ஆங்கிலேயரின் பவுண்டுக்குப் பெயராயிற்று. அது 453.6 கிராம். பிக்ஹு நூல்களில் வருவது பக்தாது நகரத்து ராத்தல். அது பவுண்டை விடச் சிறியது. ஷாபிஈ மத்ஹபில் குல்லத்தைன் எனப்படும் நீரின் அளவு 500 பக்தாது ராத்தல். இதைப் பவுண்டாகக் கொண்டால் 226.8 கிலோ வரும். இக்காலத்து ஷாபிஈ அறிஞர்கள் சிலர் கணக்கிட்டுச் சொல்வதோ ஏறத்தாழ 193 கிலோ. வேறு சிலர் சற்றுக் கூட்டி 216 லிட்டர் என்பர். எப்படியும் பவுண்டுக் கணக்கு அன்று.

மூன்றாவது, மைல். ஆங்கில மைல் 1,760 கெஜம், 1.609 கிலோமீட்டர். அரபு நூல்களின் மைல் முழத்தால் அளக்கப்படுவது; ஆங்கில மைலை விட நீளமானது. எழுத்திலும் ஓசையிலும் ஒன்றுபோல் இருப்பதால் இரண்டும் ஒன்றென்று பலர் நினைக்கிறார்கள்.

நான்காவது, தோலா. சர்க்கார் தோலா 180 கிரெயின், 11.664 கிராம். அக்காலத்து வெள்ளி ரூபாயின் எடையும் அதுவே. அதனால்தான் பழைய நூல்களில் "52½ ரூபாய் எடை வெள்ளி" என்று காண்கிறோம். அது ரூபாயின் எடை. ரூபாயின் தொகை அன்று. தங்கத்தின் விலை 10 கிராமுக்கு என்று சொல்லப்படத் தொடங்கிய பின், சில இடங்களில் அந்த 10 கிராமையே தோலா என்று அழைக்கும் வழக்கமும் ஏற்பட்டது. அதை வைத்து ஏழரைத் தோலாவை 75 கிராம் என்பது பெருந்தவறு.

சில்லறையை எந்தப் பக்கம் தள்ளுவது?

அளவு சரியாகத் தெரிந்த பின்னும் ஒரு கேள்வி எஞ்சும். பழைய அளவைப் புதிய அளவைக்கு மாற்றினால் முழு எண் வருவது அரிது. 87.48 என்று வரும், 77.25 என்று வரும். மக்கள் நினைவில் நிற்க 87 என்றோ 88 என்றோ சொல்ல வேண்டியிருக்கிறது. தசம நாணயம் வந்த புதிதில் இதே சங்கடம் கடைவீதியில் இருந்தது. ஓரணாவுக்கு 6¼ நயா பைசா. கால் நயா பைசாவுக்கு நாணயம் கிடையாது. அந்தக் கால் பைசா கடைக்காரருக்கா, வாங்குபவருக்கா என்பதே பேச்சு.

வணக்கங்களில் இதற்கு விடை, இஹ்தியாத்து எனப்படும் பேணுதல். அதை மூன்று வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

கொடுக்க வேண்டிய அளவில் சில்லறை வந்தால் கூட்டிக் கொடுக்க வேண்டும். கடமை தொடங்கும் எல்லையில் சில்லறை வந்தால் எல்லையைக் கூட்டிச் சொல்லக் கூடாது. சலுகை தொடங்கும் எல்லையில் சில்லறை வந்தால் எல்லையைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

பித்ரா முதல் வகை. ஜகாத்தின் நிஸாப் இரண்டாம் வகை. பயணத் தொழுகை மூன்றாம் வகை. இனி ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஜகாத்

தங்கத்தின் நிஸாப் 20 மிஸ்கால். வெள்ளியின் நிஸாப் 200 திர்ஹம். பத்து திர்ஹமின் எடை ஏழு மிஸ்கால் என்பது நிலைத்த கணக்கு. மிஸ்காலை முன்னோர் வாற்கோதுமை மணிகளால் நிறுத்துச் சொன்னார்கள். ஷாபிஈ நூல்களில் அது 72 மணி. ஆங்கிலேயரின் கிரெயின் என்ற சொல்லுக்கும் தானியமணி என்பதே பொருள். மணிக்கு மணி எடை வேறுபடும் அல்லவா? ஆகவே மிஸ்கால் எத்தனை கிராம் என்பதில் இரண்டு கணக்குகள் வந்தன.

நம் நாட்டு உலமாக்கள் பலர் மிஸ்காலை 4½ மாஷா என்று கொண்டார்கள். அதன்படி தங்கம் 7½ தோலா, 87.48 கிராம், வெள்ளி 52½ தோலா, 612.36 கிராம். அரபு நாட்டு அறிஞர்கள் பலர், கலீபா அப்துல் மலிக் ஹிஜ்ரி 77-இல் வெளியிட்டது முதலான பழைய தீனார்களின் எடையைக் கொண்டு மிஸ்கால் 4.25 கிராம் என்றார்கள். அதன்படி தங்கம் 85 கிராம். வெள்ளி 595 கிராம். இரண்டும் ஆதாரத்தோடு கூடிய கணக்குகளே. ஒன்றைப் பின்பற்றுபவர் மற்றவரைக் குறை சொல்வதற்கில்லை.

இப்போது பவுனுக்கு வருவோம். ஆங்கில நாணயமான சவரனின் எடை 7.988 கிராம். நம் கடைவீதியில் அது முழுமையாக்கப்பட்டு 8 கிராம் ஆயிற்று. 87.48 கிராம் என்பது 10 பவுனும் ஏறத்தாழ ஏழரை கிராமும் ஆகும். 85 கிராம் என்பது 10 பவுனும் 5 கிராமும் ஆகும். இதைத்தான் "11 பவுன்" என்று சுருக்கிச் சொல்கிறார்கள். 11 பவுன் 88 கிராம். எல்லை அரை கிராம் அளவுக்குக் கூடிவிட்டது. அந்த இடைவெளியில் சொக்கத் தங்கம் வைத்திருப்பவர் தமக்கு ஜகாத் இல்லை என்று இருந்துவிட்டால் நாற்பதில் ஒரு பங்கான 2.19 கிராம் தங்கம் ஏழையிடம் போய்ச் சேராது. நாக்கு அரை கிராமைக் கூட்டியது. ஏழை இழந்தது இரண்டு கிராமுக்கு மேல். ஆகவே 11 பவுன் என்று சொல்லும் வழக்கத்தை விட்டுவிட்டு, கிராமிலேயே சொல்லப் பழகுவோமாக.

இவ்விடத்தில் மூன்று மஸ்அலாக்களையும் மறக்கலாகாது. ஹனபி மத்ஹபில் பெண்களின் நகைக்கும் ஜகாத் உண்டு. ஷாபிஈ மத்ஹபில் ஆகுமான அளவில் அணியும் நகைக்கு இல்லை. ஹனபி மத்ஹபில் பெரும்பகுதி தங்கமாக இருந்தால் கலப்போடு சேர்த்துத் தங்கமாகவே கணக்கிடப்படும். ஷாபிஈ மத்ஹபில் சொக்கத் தங்கம் நிஸாபை எட்ட வேண்டும். 22 காரட் தங்கத்தில் ஒரு பவுனில் 7.33 கிராம்தான் சொக்கம் என்பதால் அவர்களுக்குக் கணக்கு மாறும். மூன்றாவதாக, தங்கத்தோடு வெள்ளியோ ரொக்கமோ சேர்ந்திருந்தால் ஹனபி மத்ஹபில் மதிப்பைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். பலருக்குத் தங்கம் தனியே நிஸாபை எட்டாவிட்டாலும் இவ்வாறு சேர்த்துப் பார்க்கையில் ஜகாத் கடமையாகிவிடும்.

பேணுதலுக்கும் ஓர் எல்லை உண்டு

பேணுதல் என்ற பெயரால் பிறருக்கு இடர் செய்துவிடக் கூடாது. ஒரு விதவையிடம் 600 கிராம் வெள்ளிப் பாத்திரம் இருக்கிறது; வேறு செல்வம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். 595 கிராம் கணக்குப்படி அவர் நிஸாபுக்கு உரியவர். ஹனபி மத்ஹபின்படி ஜகாத் வாங்கத் தகுதியற்றவர். 612.36 கிராம் கணக்குப்படி அவர் தகுதியுடையவர். தம் ஊரில் 612.36 கணக்கையே பின்பற்றி வரும் ஜமாஅத்தார், இவர் வந்து கேட்கும்போது மட்டும் "பேணுதலுக்காக 595 கிராமைக் கொள்வோம்" என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பலாமா? கூடாது. கொடுக்கும்போது ஒரு படிக்கல், மறுக்கும்போது வேறொரு படிக்கல் என்று வைப்பது பேணுதல் ஆகாது. மத்யன் நகரத்தார் செய்ததும் இதுபோன்றதே.

பேணுதல் என்பது மனிதன் தன் தலையில் தானே ஏற்றிக்கொள்ளும் சுமை; பிறர் தலையில் ஏற்றும் சுமை அன்று. எடை சில தராசில் நிறைந்தும் சில தராசில் குறைந்தும் காட்டினால் ஜகாத் கடமையாகாது என்பதே சரியான சொல் என்று இமாம் நவவி (ரஹ்) போன்றோர் எழுதியுள்ளார்கள். ஆகவே சட்டம் இது, பேணுதல் இது என்று பிரித்துச் சொல்வதே ஆலிம்களுக்கு அழகு.

பித்ரா

ஸாவு என்பது எடையல்ல, முகத்தலளவை. நான்கு முத் சேர்ந்தது ஒரு ஸாவு. நடுத்தரமான ஆளின் இரு கைகளையும் சேர்த்து அள்ளினால் வருவது ஒரு முத். முன்பு படியால் அளந்து கொடுத்தவர்கள் இப்போது கிலோவால் நிறுத்துக் கொடுக்கிறோம். ஆனால் ஒரே பாத்திரத்தில் அரிசி ஓர் எடை வரும், வாற்கோதுமை ஓர் எடை வரும், பேரீச்சை வேறோர் எடை வரும். அரிசியிலேயே வகைக்கு வகை சிறிது மாறும். ஆகவே கிலோ என்பது இங்கே ஒரு மதிப்பீடுதான்.

ஷாபிஈ மத்ஹபில் ஊரின் பிரதான உணவில் ஒரு ஸாவு கொடுக்க வேண்டும். இக்காலத்தவர் சிலர் அதை ஏறத்தாழ 2.4 கிலோ என்கிறார்கள். சிலர் அதற்கு மேலும் சொல்கிறார்கள். இங்கே நாம் முதல் விதியைக் கொள்ள வேண்டும்: கூட்டிக் கொடுப்பது. இரண்டரை கிலோவோ அதற்கு மேலோ கொடுப்பவர் 2.4 கிலோ கணக்கைத் தாண்டிவிடுகிறார். கூடுதலாகச் சென்றது தருமமாகும். தம் ஊர் உலமாக்கள் அதனினும் கூடுதலான அளவைச் சொல்லியிருந்தால் அதையே கொள்ள வேண்டும்.

ஹனபி மத்ஹபில் கோதுமையானால் அரை ஸாவு. வாற்கோதுமை, பேரீச்சையானால் ஒரு ஸாவு. அரை ஸாவு 140 தோலா, அதாவது 1,633 கிராம். முழு ஸாவு 3,266 கிராம். இதை ஒன்றரைக் கிலோ என்று குறைத்துச் சொல்லக் கூடாது. ஒன்றே முக்கால் கிலோ என்று வைத்துக்கொள்வது நலம். அரிசி ஹதீஸில் பெயர் கூறப்பட்ட தானியங்களில் சேராததால், ஹனபிகள் அரிசி கொடுப்பதானால் அரை ஸாவு கோதுமையின் விலை மதிப்புக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். நோன்புக்கு ஈடாகக் கொடுக்கும் பித்யாவிலும் இதே கவனம் வேண்டும்.

பயணத் தொழுகை

நம் நாட்டு ஹனபி உலமாக்கள் பலர் மூன்று நாள் பயணத் தூரத்தை 48 ஆங்கில மைல் என்று நிர்ணயித்தார்கள். அது 77.25 கிலோமீட்டர். ஷாபிஈ மத்ஹபில் 16 பர்ஸக், அதாவது 48 மைல். எண் ஒன்றே, மைல் வேறு. இது ஹாஷிமீ மைல். ஆகவே இக்கால அறிஞர்களில் ஒரு சாரார் 81 கிலோமீட்டர் என்றும், வேறு சாரார் 88 கிலோமீட்டரைத் தாண்டும் என்றும் கணக்கிட்டுள்ளார்கள். ஷாபிஈ சகோதரர் 48 என்ற எண்ணைப் பார்த்து 77 கிலோமீட்டரில் கஸ்ர் தொழுதால் தம் மத்ஹபின் எல்லையை அடையாமலே தொழுகையைச் சுருக்கியவர் ஆவார்.

இங்கே மூன்றாம் விதி: சலுகையின் எல்லையைக் குறைக்கக் கூடாது. சென்னையிலிருந்து காஞ்சிபுரம் சுமார் 75 கிலோமீட்டர். "ஏறத்தாழ எண்பதுதானே" என்று யாரும் சுருக்கித் தொழலாகாது. மேலும், சாலைப் பலகையில் காணும் தூரம் ஊரின் நடுவிலிருந்து கணக்கிட்டதாக இருக்கலாம். நாம் பார்க்க வேண்டியது நம் ஊர்க் கட்டடங்களைக் கடந்த இடத்திலிருந்து போய்ச் சேரும் ஊர் வரையுள்ள தூரம். ஐயம் வந்தால் முழுமையாகத் தொழுவதே அடிப்படை.

குல்லத்தைன் விஷயம் இதிலிருந்து வேறுபட்டது. இமாம்கள் அளவுகளை இரு வகையாகப் பிரித்தார்கள். துல்லியமாகக் கொள்ள வேண்டியது தஹ்தீத். ஏறத்தாழக் கொண்டால் போதுமானது தக்ரீப். ஷாபிஈ மத்ஹபில் பயணத் தூரம் முதல் வகை என்பதும், குல்லத்தைன் இரண்டாம் வகை என்பதும் ஏற்றமான சொற்களாகும். தொட்டியில் ஓரிரு ராத்தல் குறைந்தால் பாதகமில்லை. ஆகவே மாடியில் 500 லிட்டர் தொட்டி நிறைந்திருந்தால் மனக்குழப்பம் தேவையில்லை. பத்து இருபது லிட்டர் வாளி எவ்வகையிலும் எட்டாது.

மஹரும் வக்பும்

ஹனபி மத்ஹபில் மஹரின் குறைந்த அளவு 10 திர்ஹம் வெள்ளி, அது 30.62 கிராம். மஹரே பாத்திமீ என்று வழங்கும் 500 திர்ஹம் 1,531 கிராம் வெள்ளி. ரூபாய்த் தொகையை எழுதுபவர்கள் அன்றைய வெள்ளி விலையைப் பார்த்தே எழுத வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் கேட்ட தொகையை மனப்பாடமாகச் சொல்லக் கூடாது. மஹரைப் பவுனில் எழுதும்போது எத்தனை கிராம், எத்தனை காரட் என்பதையும் நிகாஹ் பதிவேட்டில் குறித்துவிட்டால் பிற்காலத்தில் தகராறுக்கு இடமிராது. மஹர் ஒரு கடன் அல்லவா?

வக்பு நிலங்களில் கவனம் இன்னும் தேவை. பழைய வக்புப் பத்திரங்களில் ஏக்கர், செண்டு, குழி, மா என்று இருக்கும். இன்றைய பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். ஓர் ஏக்கர் 40.47 ஏர். "சுமார் 40 ஏர்" என்று ஒருவர் எழுதிவிட்டால் ஏக்கருக்கு ஏறத்தாழ 47 சதுர மீட்டர், அதாவது ஒரு செண்டுக்கு மேல், ஏட்டிலிருந்து மறைந்துவிடும். பத்து ஏக்கர் வக்பில் இது பதினொரு செண்டைத் தாண்டும். வேலி நகராமலே அல்லாஹ்வுக்கு அர்ப்பணித்த நிலம் சுருங்கிவிடும். முத்தவல்லிகள் பழைய பத்திரத்தையும் புதிய பட்டாவையும் பக்கத்தில் வைத்து, குழியும் மாவும் அந்த ஊர் வழக்கில் எவ்வளவு என்று தெரிந்தவரிடம் விசாரித்துச் சரிபார்த்துக்கொள்வது அமானிதத்தைப் பேணுவதாகும்.

கடைவீதியில்

வியாபாரிகளுக்கும் ஒரு சொல். அளவையின் பெயர் மாறும் காலமே ஏமாற்றுக்கு வசதியான காலம். பவுண்டு என்று கேட்பவருக்கு 400 கிராமைக் கொடுத்துவிட்டுப் பவுண்டின் விலையை வாங்கினால், 53 கிராம் குறைகிறது. கிலோப் பொட்டலத்தின் தோற்றத்திலேயே 900 கிராமை அடைத்து, எழுத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் அச்சடித்தால் சட்டத்துக்குத் தப்பலாம். மறுமையின் மீஸானுக்குத் தப்ப முடியாது. வாங்குபவர் எதை எண்ணிக் காசு கொடுக்கிறாரோ அது அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

சுருக்கம்

1. நிஸாப்: தங்கம் 87.48 கிராம், வெள்ளி 612.36 கிராம். மற்றொரு கணக்கில் 85 கிராம், 595 கிராம். எதைப் பின்பற்றினாலும் அதற்கு மேல் கூட்டிச் சொல்லற்க.

2. பித்ரா: ஹனபிகளுக்குக் கோதுமையில் 1,633 கிராம் அல்லது அதன் மதிப்பு, ஷாபிஈகளுக்குப் பிரதான உணவில் ஒரு ஸாவு, ஏறத்தாழ 2.4 கிலோவும் அதற்கு மேலும். கூட்டியே கொடுக்க.

3. கஸ்ர்: ஹனபிகளுக்கு 77.25 கிலோமீட்டர், ஷாபிஈகளுக்கு 81 கிலோமீட்டரும் அதற்கு மேலும். ஐயமிருந்தால் முழுமையாகத் தொழுக.

4. பழைய நூலில் சேர், ராத்தல், மைல், தோலா என்று கண்டால் எந்த நாட்டு அளவு என்று ஆலிம்களிடம் கேட்டறிந்த பின் செயல்படுக.

5. கொடுக்கவும் மறுக்கவும் ஒரே கணக்கைக் கையாளுக.

வல்ல ரஹ்மான் நம் அளவையிலும் நிறுவையிலும் நேர்மையைத் தந்தருள்வானாக! நம் ஜகாத்தையும் தொழுகையையும் குறைவின்றி நிறைவேற்றத் தவ்பீக் செய்வானாக! நன்மையும் தீமையும் நிறுக்கப்படும் அந்நாளில் நம் நன்மையின் தட்டைக் கனமாக்கி வைப்பானாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.